நிறுத்தும் கை

கரவெட்டித் தோட்டங்களில் நீர் இறைப்பின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் வழக்கமாக இரண்டு அத்தியாயங்களையே சொல்வர். ஒன்று துலாவின் காலம். மற்றையது இயந்திரத்தின் காலம். முன்னது வியர்வையின் காலம் என்றும் பின்னது விடுதலையின் காலம் என்றும் கூறி முடித்துவிடுவர். இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போன பக்கம் ஒன்று உண்டு. அப்பக்கத்தில் எழுதப்பட வேண்டிய வினா இது: ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தும் அதிகாரம் யாருடைய கையில் இருந்தது?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவன் ஒருவன் விடுமுறை கழிந்து வந்ததும் இடக்கையால் எழுதத் தொடங்கினான். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. தகப்பனாருக்கு உதவியாக வெங்காயத் தோட்டத்தில் நின்றவனின் சட்டைக் கையைப் பழைய இறைப்பு இயந்திரத்தின் வார்ப்பட்டி பற்றி இழுத்துவிட்டது. தகப்பனார் அப்போது வாய்க்காலின் மறு முனையில் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றார். கூக்குரல் கேட்டு ஓடிவந்து எண்ணெய்க் குழாயைப் பூட்டினார். குழாய் பூட்டப்பட்ட பின்னரும் உள்ளே எஞ்சியிருந்த எண்ணெய் தீரும்வரை இயந்திரம் ஓடியது.

"எண்ணெயைப் பூட்டினனான் சேர், அது நிக்கேல்லை" என்று அத்தந்தை என்னிடம் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்போல் அதைச் சொன்னார். அவர் குற்றவாளி அல்லர் என்பதை நிறுவுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

துலாவின் காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் அடியில் தேங்கி நிற்கும் நீரே எமது ஆறும் ஏரியும். வடமராட்சியின் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வெற்றிலையும் கிணற்றிலிருந்து மேலே தூக்கப்பட்ட நீரால் வளர்ந்தவை. தலைமுறை தலைமுறையாக அந்நீரைத் தூக்கியது மனித உடல்.

துலாவைக் காணாத மாணவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். கிணற்றருகே நாட்டிய ஆடுகாலில் நீண்ட மரமொன்று ஏறி இறங்கும் வகையில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் நுனியிலிருந்து தொங்கும் கொடியில் பனையோலைப் பட்டை கட்டப்பட்டிருக்கும். மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னுமாக நடப்பர். முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நிறைந்து மேலே வரும். கிணற்று வாயிலில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலுக்குள் சரிப்பார். விடியற்புறத்தில் தொடங்கும் இந்நடை வெயில் ஏறும்வரை ஓயாது.

இது எளிய வேலையன்று, ஆபத்தற்ற வேலையுமன்று. பனி படிந்த மரத்தில் கால் வழுக்கினால் விழுந்தவன் எழுவது உறுதியில்லை. மரம் முறிவதும் உண்டு, கொடி அறுவதும் உண்டு. மிதித்தோருள் தம் சொந்தத் தோட்டத்துக்காக மிதித்த சிறு கமக்காரரும் இருந்தனர். பிறர் தோட்டத்தில் கூலிக்கு மிதித்த நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் இருந்தனர். கூலிக்கு மிதித்தவர்களின் நிலையில் ஒரு கொடிய முரண்பாடு இருந்தது. தோட்டத்துக்கு ஆயிரம் பட்டை நீர் இறைத்துக் கொடுத்த கைகள், ஊர்ப் பொதுக் கிணற்றில் குடிப்பதற்கு ஒரு வாளி நீர் அள்ள அனுமதிக்கப்படவில்லை. இத்தகைய விலக்குகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. சட்டம் வந்த பின்னரும் அதை நடைமுறையாக்க 1960களில் மக்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. எனவே, துலாவின் காலத்தைப் பொற்காலமாக நினைந்து ஏங்குவதற்கு எனக்கு மனமில்லை.

ஆயினும் துலாவில் ஒரு தன்மை இருந்தது. அதை இயக்கும் சக்தியும் அதனால் ஆபத்துக்குள்ளாகும் உடலும் ஒன்றே. பட்டை பிடிப்பவரின் விரல் சிக்கினால் அவர் எழுப்பும் ஒரு சத்தம் போதும். மேலே நடப்பவரின் கால் அந்தக் கணமே நின்றுவிடும். கால் நின்றால் துலாவும் நிற்கும். கூலி குறைவு, வேலை கொடிது, மானம் மறுக்கப்பட்டது. எனினும், நிறுத்தும் ஆற்றல் உழைப்பவனின் உடலோடு ஒட்டியிருந்தது.

இயந்திரம் வந்தது

1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்கள் குடாநாட்டுத் தோட்டங்களில் பரவின. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. துலா மிதித்தவரின் பிள்ளைகள் பலர் அக்காலத்தில் இயந்திரம் வாங்கினர். மூவர் ஒரு காலை முழுவதும் செய்த வேலையை ஒரு சிறு இயந்திரம் குறைந்த நேரத்தில் முடித்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போக நேரம் கிடைத்தது. இவ்வகையில் அது விடுதலையே, ஐயமில்லை.

ஆனால் அன்று ஒரு பிரிவு நிகழ்ந்தது. சக்தி உடலைவிட்டுப் பிரிந்தது. துலா கூக்குரலைக் கேட்டது. இயந்திரத்துக்குக் காது இல்லை. அதற்குக் காதாகவும் கையாகவும் அமைய வேண்டியது அதை நிறுத்தும் உறுப்பு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் அவ்வுறுப்பு இல்லவே இல்லை. இருந்தாலும் பெயருக்கே இருந்தது. சிலவற்றில் பிளக்கின் தலையில் ஒரு தகட்டை அழுத்தி நிறுத்த வேண்டும். சிலவற்றில் பிளக்கின் கம்பியையே கழற்ற வேண்டும். ஏனையவற்றில் எண்ணெயைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லா வழியும் இயந்திரத்தின் அருகில் நிற்பவனுக்கே உரியன. சிக்கிக்கொண்டவனுக்கோ, வாய்க்காலின் மறு முனையில் நிற்பவனுக்கோ அவை பயன்படா.

நெல்லியடிப் பக்கத்தில் இயந்திரம் திருத்தும் முதியவர் ஒருவர் எனக்கு ஒருமுறை சொன்னார்: "தம்பி, ஓட்டத் தெரிஞ்சவன் எல்லாரும் மிசின்காரன் இல்லை. நிப்பாட்டத் தெரிஞ்சவன்தான் மிசின்காரன்." இவ்வனுபவ மொழிக்குப் பின்னால் உலக வரலாறு ஒன்று கிடக்கின்றது.

வேலியிட மறுத்தவர்கள்

இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று சட்டம் முதலில் கூறியது, அவை முதலில் பெருகிய இங்கிலாந்தில். 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சிறுவர் நடமாடும் இடங்களில் சுழலும் பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்றும், ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களைச் சிறுவர் துடைக்கலாகாதென்றும் விதித்தது. ஆலை முதலாளிகள் இதை ஏற்றனரா? இல்லை. ஏழு அடிக்கு மேல் சுழலும் தண்டுகள் எவருக்கும் ஆபத்தில்லை என்று வாதிட்டனர். 1855இல் அதற்கென்றே தனியாக ஒரு சங்கம் அமைத்தனர். சட்டத்தை மீறி வழக்கில் அகப்படும் முதலாளிக்கு உதவுவது அச்சங்கத்தின் பணி. சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் ஹென்றி மோர்லி என்பவர், ஆலைகளில் நசுங்கிய உடல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஹரியற் மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற பெண் எழுத்தாளரோ, அரசு தொழிலில் தலையிடலாகாது என்று முதலாளிகளின் பக்கம் நின்று எழுதினார். 1856இல் சட்டம் தளர்த்தப்பட்டது, முதலாளிகள் வென்றனர். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், தொழிலாளரின் உடலுறுப்புகளைக் காக்கும் சிறு செலவுக்குக்கூட ஆலை அதிபர்கள் காட்டிய எதிர்ப்பை மார்க்ஸ் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார்.

தொழிற்சாலையில் நிலைமை இதுவானால், வயலில் எவ்வாறு இருந்திருக்கும்? கதிரடிக்கும் இயந்திரத்தின் சுழல் உருளையையும் கதிர் ஊட்டும் வாயையும் மூட வேண்டுமென்ற சட்டம் இங்கிலாந்தில் 1878இலேதான் வந்தது. நூறு ஆண்டுகள் கழிந்து அதே அவலம் இந்தியாவில் மீண்டும் அரங்கேறிற்று. பசுமைப் புரட்சியோடு பஞ்சாப், ஹரியானா முதலிய மாநிலங்களில் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. கூடவே கை இழந்தோரும் பெருகினர். இழந்தோரில் மிகப் பலர் அறுவடைக் காலத்தில் கூலிக்கு வந்தவர்கள். 1983இல் இந்தியப் பாராளுமன்றம் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. இயந்திரம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும், உறுப்பிழந்தவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதையும் அச்சட்டம் பேசுகின்றது.

அமெரிக்காவிலோ இவ்வினா வீட்டு முற்றத்துக்கே வந்தது. நடந்துகொண்டு தள்ளும் புல்வெட்டும் இயந்திரங்களுக்கு 1982இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: கைப்பிடியை விட்டால் மூன்று விநாடிக்குள் வெட்டும் அலகு நின்றுவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சார ரயில் வண்டிகளில் இதே ஏற்பாடு இருந்தது. ஓட்டுபவன் மயங்கியோ இறந்தோ கையைத் தளர்த்தினால் வண்டி தானே நிற்கும். அதனால் அதற்குச் 'செத்தவன் கைப்பிடி' என்றே பெயர். பெயர் கொடியது; கருத்து உயர்ந்தது. இயந்திரம் ஓடுவதற்கு மனிதனின் சம்மதம் ஒவ்வொரு கணமும் வேண்டும். சம்மதம் நீங்கிய கணத்தில் அது நிற்க வேண்டும் என்பதே அக்கருத்து. துலாவுக்கு இயல்பாக இருந்த பண்பை இயந்திரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி என்றே இதைக் கொள்ளலாம்.

பழைய இயந்திரம் எங்கே போகிறது?

மேற்கூறிய சட்டங்கள் பலவற்றில் ஒரு குறை உண்டு. அமெரிக்க விதி, அது நடைமுறைக்கு வந்த பின் உற்பத்தியான இயந்திரங்களையே கட்டுப்படுத்தியது. முன்னர் விற்கப்பட்டவை முன்போலவே ஓடின. புதியதை வாங்க வல்லவனுக்குப் பாதுகாப்பு. பழையதோடு காலந்தள்ளுபவனுக்கு அதிர்ஷ்டம்! இதை வேறுவிதமாக அணுகிய நாடு சுவீடன். உழவு இயந்திரம் கவிழும்போது ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் 1959 முதல் புதியனவற்றில் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர், கூலியாட்கள் ஓட்டும் பழையனவற்றிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று விதி விரிந்தது. கவிழ்ந்து இறப்போரின் தொகை அங்கே வெகுவாக வீழ்ந்தது. பழைய இயந்திரத்தில் புதிய பாதுகாப்பைச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

எமது மண்ணில் இவ்வினா இன்னும் கூர்மையானது. இங்கே இயந்திரங்கள் மூப்படைவதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்குரிய மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தது. மின்னால் இறைத்த கிணறுகள் மௌனமாயின. மூலையில் கிடந்த மண்ணெண்ணெய் இயந்திரங்கள் மீண்டும் வெளியே எடுக்கப்பட்டன. சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, உடைந்த பாகத்துக்கு வேறொன்றை வெட்டிப் பொருத்தி, எம் திருத்துநர்கள் அவற்றைக் காத்தனர். அந்தத் திறமை வணக்கத்துக்குரியது. ஆனால் ஓட்டத்துக்கு வேண்டாதது எதுவோ அது முதலில் கழன்று போயிற்று. வார்ப்பட்டியின் மூடி போனது. நிறுத்தும் தகடு போனது. பஞ்சத்தில் எவரும் மூடியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2013இல் தேசிய மின்தொகுதியின் இணைப்பும் சுன்னாகத்துக்கு வந்தது. பின்னரும் வறுமை விட்டபாடில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெய்க்கே வழியற்ற கமக்காரன் புதிய இயந்திரத்துக்கு எங்கே போவான்? இந்நாட்டின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடச் சொல்கிறது. ஆயின், கிணற்றடி தொழிற்சாலை அன்று. தொழிற்சாலைப் பரிசோதகர் வெங்காயப் பாத்திக்கு வருவதில்லை. ஆகையால், அத்தந்தையிடம் "கவனமாக இருந்திருக்கலாமே" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கவனம் தவறிய கணத்திலும் மனிதனைக் காப்பதற்கே பாதுகாப்பு என்று பெயர். அது அவருக்கு ஒருபோதும் கொடுக்கப்படவில்லை.

ஓர் ஆளியின் விலை

கொடுக்க முடியாத அளவுக்கு அது அரியதா? பௌதிகவியல் படிக்கும் மாணவர் எவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய விடயம் இது. இச்சிறு இயந்திரங்களில் பற்றரி இல்லை. சுழலும் பறப்புச் சில்லிலுள்ள காந்தம் ஒரு கம்பிச்சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. உள்ளேயுள்ள தொடுகை திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி பாய்கின்றது. அத்தொடுகையின் காப்பிடப்பட்ட முனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை வெளியே எடுத்து, ஓர் ஆளியின் வழியாக இயந்திரத்தின் உடம்போடு இணைத்துவிட்டால் போதும். ஆளியை மூடினால் மின் உடம்புக்குள் போய்விடும், பொறி பிறக்காது, இயந்திரம் நிற்கும். காரின் சாவியில் மூடினால் ஓட்டம். இங்கே மூடினால் நிறுத்தம். இவ்வேறுபாட்டை மறந்து பற்றரி மின்னை இக்கம்பியில் இணைத்தால் கம்பிச்சுருள் கெடும்.

ஆளி எங்கே இருக்க வேண்டும்? இயந்திரத்தின் மேல் மட்டும் இருந்தால் பாதிப் பயனே. பஸ்ஸில் மணியடிக்கக் கட்டிய கயிறுபோல, இழுத்தால் மூடும் ஆளி ஒன்றிலிருந்து வாய்க்கால் வரம்பு நீளத்துக்கு ஒரு கயிறு கட்டலாம். தண்ணீர் திருப்புபவர் நின்ற இடத்திலிருந்தே இழுக்கலாம். டீசல் இயந்திரத்துக்குப் பொறி இல்லை. எண்ணெய் செலுத்தும் நெம்பை இழுத்து நிறுத்த வேண்டும். அதற்குச் சைக்கிள் பிறேக் கம்பி ஒன்றே போதும். ஊரில் 'லான்ட்மாஸ்டர்' என வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்திலோ, கையை விட்டதும் நிறுத்தும் வில்லை கைப்பிடியிலேயே அமைக்கலாம்.

கிணற்று நீர் கீழிறங்கும் கோடையில் இன்னொரு கொடுமை நேர்வதுண்டு. நீர் எட்டவில்லை என்று இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குவர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாதது, கிணற்றினுள் தேங்கும். நிறுத்தப் போனவர் மேலே வரமாட்டார். அவரைத் தேடிப் போனவரும் வரமாட்டார். எனவே, எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. எவரேனும் இறக்கியிருக்கக் கண்டால் உள்ளே இறங்கவும் கூடாது. மேலிருந்து இழுக்கும் கயிறு இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள் இலங்கை எங்கும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகளும் வேண்டும். பொறி நின்றாலும் பறப்புச் சில்லு சில விநாடிகள் சுழலும். ஆகவே ஆளி வார்ப்பட்டியின் மூடிக்கு மாற்று அன்று, துணையே. மேலும், இக்கம்பி அறுந்தால் ஆளி ஊமையாகும். அறுந்தது வெளியே தெரியாது. ஆதலால் ஒவ்வொரு நாளும் இயந்திரத்தை அந்த ஆளியாலேயே நிறுத்திப் பழக வேண்டும். அப்போது பழுது சாதாரண நாளிலேயே வெளிப்படும்; விபத்து நாள்வரை ஒளிந்திராது.

செய்ய வேண்டியது

என் மாணவனின் வீட்டுக் கிணற்றடியில் இப்போது அந்தப் பழைய இயந்திரம் ஒரு சிவப்புக் கயிற்றோடு நிற்கின்றது. கயிற்றைக் கட்டியவன் அவனே; ஆளியைப் பொருத்திக் கொடுத்தவர் நெல்லியடி முதியவர். கூலி வாங்க அவர் மறுத்துவிட்டார். ஒருவரின் நற்குணத்தால் ஒரு வீடு காக்கப்பட்டது. இதைக் கொண்டு மனநிறைவு அடைந்துவிட முடியுமா? பாதுகாப்பு நல்லவர்களின் கொடையாக இருக்கும்வரை அது உரிமையாகாது.

கமக்கார அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள பழைய இயந்திரங்களுக்கெல்லாம் ஆளியும் மூடியும் பொருத்தலாம். பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள் இதைச் செய்முறைப் பாடமாகவே கொள்ளலாம். அரசு, இயந்திரத்துக்கு மானியம் வழங்கும்போது பழையதைப் பாதுகாப்பாக்கவும் மானியம் வழங்க வேண்டும். தோட்டத்தில் நிற்பவனும் தொழிலாளியே என்று சட்டம் ஏற்க வேண்டும். விவசாயத்தில் பாதுகாப்புக்கென சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001இலேயே தனி உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியிருக்கின்றது.

உழைக்கும் மக்கள் தம் வரலாற்றில் வென்றெடுத்த உரிமைகளுள் தலையாயது வேலையை நிறுத்தும் உரிமை. வேலைநிறுத்தம் என்ற சொல்லையே நாம் பெருமையோடு உச்சரிக்கின்றோம். ஆலைவாயிலில் நின்று கோரிய அவ்வுரிமையைக் கிணற்றடிக்கும் கொண்டுவர வேண்டும். விரல் சிக்கிய சிறுவனுக்கும், பாத்தியில் நிற்கும் தகப்பனுக்கும் எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும். துலா ஒரு கூக்குரலுக்கு நின்றது. இயந்திரம் ஒரு கயிற்றுக்கு நிற்கட்டும்.